மிஸ்ஸுக்குக் காட்டாத நோட்டு

16 ஜனவரி 2018, செவ்வாய்

இன்று இரண்டு நோட்டு வாங்கினேன். நீல அட்டை மிஸ்ஸுக்கு. அதில் தினமும் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். ‘இன்று நான் எழுந்தேன். முகம் கழுவினேன். கோகோ டீ குடித்தேன். நன்றாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறேன்.’ இதில் நாலாவது வரி பொய். கோகோ டீ தீய்ந்துபோயிருந்தது. தீய்ந்துபோனதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாததால் நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டேன்.

இந்தச் சிவப்பு அட்டை எனக்கு. இதில் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், காதில் விழுகிறபடி எழுதப்போகிறேன். சிவப்பு மை வைக்க இதில் எவருக்கும் உரிமை இல்லை.

பெரியவர்களுக்கான வகுப்பு. செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே. இந்த வாசலில் நாற்பது வருஷம் புளி உருண்டை விற்றிருக்கிறேன். பத்து வயதுக்குப் பிறகு படியைத் தாண்டியது இன்றுதான்.

“அறுபத்தெட்டு வயசுல உனக்கு எதுக்கு இங்கிலீஷ்?” என்று சில்வானஸ் கேட்டான். எழுபது வயதுக்காரன், பக்கத்துப் பெஞ்சில் பென்சிலைச் சீவிக்கொண்டு கேட்கிறான்.

“திட்டறதுக்கு”ன்னேன்.

“கிரியோல்லயே நல்லாத்தானே திட்டறே?”

“சில பேருக்குக் கிரியோல்ல திட்டுனா உறைக்காது.”

18 ஜனவரி, வியாழன்

குளோடில்டா வந்திருக்கிறாள்!

பூசைக்குப் போடும் தொப்பியோடு வந்து, “மிஸ்ஸுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு வந்தேன், எனக்கென்ன படிக்கத் தெரியாதா”ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். உண்மைதான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேத வாசகம் வாசிப்பவள் அவள். இருபது வருஷமாக அந்த மேடையை வேறு யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

இடம் இல்லையென்று மிஸ் அவளை என் பெஞ்சில் உட்காரவைத்தாள். மூன்றாம் வகுப்பு அறை. ஜன்னலிலிருந்து இரண்டாவது பெஞ்சு. மிஸ் சார்லரிக்கு இருபத்தாறு வயது, பட்டணத்துப் பெண். அவளுக்கு என்ன தெரியும், எந்த இடத்தில் யாரை யாரோடு உட்காரவைத்தாள் என்று?

20 ஜனவரி, சனி

அதை எழுதிவிட்டால்தான் அடுத்ததற்குப் போக முடியும்.

1960, பிப்ரவரி, ஒரு புதன்கிழமை. எனக்குப் பத்து வயது. அதே பெஞ்சு. குளோடில்டா இடப்பக்கம். ஹெட்மாஸ்டர் மாத்யுரின் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதுகிறார். குளோடில்டாவின் சட்டைக் காலரில் ஒரு பூரான். என் சுண்டுவிரல் நீளம், செம்பு நிறம். “குளோ, கழுத்துல பூரான்!” என்று கத்தினேன், கையால் தட்டியும் விட்டேன்.

கிரியோலில் கத்திவிட்டேன். பூரானுக்கு ஆங்கிலம் எனக்கு எப்படித் தெரியும்?

அவர் திரும்பினார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். குளோடில்டா என் பக்கம் விரலை நீட்டினாள். யாரைக் காப்பாற்றினேனோ அவளே.

“இந்தப் பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே” என்றார் அவர். அந்த வாக்கியத்தை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஆங்கிலத்தில் பிசகாமல் சொல்வேன். பிறகு கையை நீட்டச் சொன்னார். புளியம் விளார். பத்து. ஐந்தாவது விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டதால் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணினார். ஆக பதினைந்து.

மறுநாள் அம்மா, “படிச்சது போதும்”னு வாழைக்காய் அடுக்கும் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பூரானை நானே அவள் முதுகுக்குள் போட்டிருக்கலாம். ஐம்பத்தெட்டு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

25 ஜனவரி, வியாழன்

இன்று சிமிலி. ‘போல’ என்று சொல்லி ஒன்றை இன்னொன்றோடு ஒட்டுவது. நிலா தட்டைப் போல வட்டம் என்றாள் மிஸ். “உங்க வாழ்க்கையிலேருந்து ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்.”

நான் எழுந்தேன். “குளோடில்டாவோட பாட்டு, வேலியில கொம்பு மாட்டிக்கிட்ட ஆடு கத்துறது போல.”

சில்வானஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, “சிமிலி சரிதான் மா எர்மினா. ஆனா ஆள் பேர் சொல்லாம சொல்லணும்” என்றாள், வயதுக்கு மரியாதையாக ‘மா’ போட்டு. பேர் சொல்லாவிட்டால் அப்புறம் எதற்குச் சொல்வது?

அடுத்தது மெட்டஃபர். ‘போல’ இல்லாமல் நேராக இதுதான் அது என்று அடிப்பது. மிஸ் முடிக்கும் முன்னே குளோடில்டா கையைத் தூக்கிவிட்டாள். “எர்மினா, பறிக்க ஆளில்லாம தானா விழுந்த சீமைப்பலா.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று காட்டிக்கொண்டேன். இதையும் மறக்கமாட்டேன்.

இந்த ஊரில் பிறந்தால் ரோஜாச் சங்கம், இல்லையென்றால் மார்கரீட் சங்கம். இரண்டு பூ, இரண்டு ராஜா, இரண்டு ராணி. சனிக்கிழமைதோறும் எதிர்ச் சங்கத்தைக் கிழித்துப் பாட்டு. ரோஜாவுக்கு முன்பாட்டுக்காரி நான். மார்கரீட்டுக்கு அவள். நாற்பது வருஷமாக நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருப்பதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்! நம் கொல்லைக் களைக்கு எவனோ வெளியூர்க்காரன் வந்து பெரிய பெயராகச் சொன்ன மாதிரி இருக்கிறது. (இது சிமிலி.)

30 ஜனவரி, செவ்வாய்

இருபது புதுச் சொல். பத்தொன்பது ஞாபகம் இருக்கிறது. மறந்த ஒன்று ‘மன்னிப்பு’.

8 பிப்ரவரி, வியாழன்

இன்று தூக்கம் வராது. சந்தோஷத்தில்தான்.

பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் எழுபத்தைந்து வயது. ஜூன் முப்பதாம் தேதி விழா. மந்திரி வருகிறார். ஹெட்மாஸ்டர் மாத்யுரினைக் கூட்டிவந்து மாலை போடப்போகிறார்களாம்! தொண்ணூற்றொரு வயது, பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் அவருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வேண்டும். யார் என்றால், நம் வகுப்பின் கடைசிப் பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிறவர்.

மைக். மந்திரி. ஊர் முழுக்க. எதிரில் அவர், எழுந்து போக முடியாமல். நான் ஆங்கிலத்தில், அவருடைய ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல் — அந்தப் பதினைந்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இனி மீன் வாங்கப் போகும்போதும் இலக்கணப் புத்தகம் பையில் இருக்கும்.

13 பிப்ரவரி, செவ்வாய்

பாவம் சில்வானஸ், அவனும் நன்றாகப் படிக்கிறான். அவன் பென்சிலை ஒளித்துவைத்தேன்.

22 பிப்ரவரி, வியாழன்

இன்று ஐரனி. வாயில் ஒன்று, வயிற்றில் இன்னொன்று. வஞ்சமாகப் புகழ்வது.

“இது கொஞ்சம் கஷ்டம். பெரியவங்களுக்கே சீக்கிரம் வராது” என்றாள் மிஸ்.

“மிஸ், உங்க செருப்பு ரொம்ப அழகா இருக்கு. பாறையில ஏறுனா பாறைதான் உடையும்”ன்னேன்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு முழு மார்க் போட்டாள். நல்ல பெண்.

என் நன்றியுரை எப்படி இருக்க வேண்டும் என்று இன்று தெரிந்துவிட்டது. முதல் வரி தயார்: ‘ஐயா, உங்கள் கையிலிருந்து நாங்கள் பெற்றதை ஒருநாளும் மறக்கமாட்டோம்.’

1 மார்ச், வியாழன்

குளோடில்டாவிடம் ஏதோ இருக்கிறது. போர்டைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்கிறாள். இது நாலாவது முறை. வாயால் கேட்டால் பதில் மணி மணியாக வருகிறது, உச்சரிப்பு பாதிரியார் மாதிரி. கையில் தாளைக் கொடுத்தால் கண்ணாடி இல்லை. கண்ணாடியே இல்லாத கண்ணாடியோ?

11 மார்ச், ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும். அவரும் சிரித்திருப்பார்.

தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ வைக்க அனுமதி உள்ள ஒரே ஞாயிறு இன்று. பூ வைக்கும் முறை ரோஜாக்காரர்களுடையது. விடிந்ததும் போனேன். வாசகப் புத்தகம் மேடையில் விரித்து, பட்டு நாடா போட்டுத் தயாராக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். நாடாவை எடுத்து, புத்தகத்தைக் கல்யாணப் பூசைக்கான பக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் போல் ஜெபமாலை உருட்டினேன்.

குளோடில்டா ஏறினாள். தொப்பியைச் சரிசெய்தாள். குனிந்து பார்த்தாள். வாசித்தாள். பாபிலோன், எரேமியா, எழுபது வருஷம், பாரசீக ராஜா சைரஸ் — இன்றைய வாசகம், ஒரு எழுத்துப் பிசகாமல்! கல்யாணப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு! நடுவில் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைக் கூடத் திருப்பினாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இருபது வருஷமாக மனப்பாடம். ஊரில் எனக்கு மட்டும்தான் இது தெரியும். வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டு மெல்லாமல் வைத்திருப்பது போல் இருக்கிறது. சனிக்கிழமை ரோஜாக் கூட்டத்தில் இதைப் பாட்டாக இறக்கினால் மார்கரீட்டே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும். இரண்டு அடி வந்தும்விட்டது:

பாபிலோனுக்குப் போன ராணி
பாதை கேட்டாள், பலகை பார்க்கவில்லை.

15 மார்ச், வியாழன்

என்ன செய்தேன் நான்? எனக்கே புரியல.

மிஸ் போர்டில் ஒரு வரி எழுதிவிட்டு குளோடில்டாவைக் கூப்பிட்டாள். “கண்ணாடி…” என்று இவள் ஆரம்பித்ததுமே நான் என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். “இந்தாடி. எனக்கு நல்லாத் தெரியுது, உனக்கும் தெரியும்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டாள். எழுந்து நின்றாள். போர்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சில்வானஸ் கூடப் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டான். இதற்காகத்தான் நான் காத்திருந்தது. கோழி கூடைக்குள் வந்துவிட்டது, மூடுவதுதான் பாக்கி.

அப்போது பார்த்தேன். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி, சட்டைக் காலர்மேல் மெல்ல ஊர்ந்தது. பூரான் ஊர்ந்த அதே இடம்.

என் வாய் தானாகத் திறந்தது. குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி, உதடு அசையாமல், அந்த ஆங்கில வரியைச் சொன்னேன். ‘காற்று ஜன்னலிடம் ரகசியம் பேசியது.’ அவள் காதில் விழுந்தது. தலை நிமிர்ந்து, கோயிலில் வாசிப்பது போல், மணி அடித்த மாதிரிச் சொன்னாள்.

“பிரமாதம்!” என்றாள் மிஸ்.

இரண்டாவது தடவை. அதே பெஞ்சில், அதே கழுதையைக் காப்பாற்றியிருக்கேன். எனக்கு ஏதோ கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு.

16 மார்ச், வெள்ளி

காலையிலேயே வந்துவிட்டாள். வாசலில் நான் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிடாமலே உட்கார்ந்து ஒரு கை புளியை எடுத்துத் தானும் நீக்க ஆரம்பித்தாள்.

“ஏண்டி சொன்னே?” என்றாள்.

“வாய் நழுவிருச்சு.”

“எப்போலேருந்து தெரியும் உனக்கு?”

“கல்யாணப் பக்கத்துல பாபிலோனைப் படிச்சியே, அன்னையிலேருந்து.”

புளி அப்படியே கையில் நின்றது. “நாடாவை மாத்துனது நீதானா! அடி பாவி! பூசைப் புத்தகத்துல கை வெச்சா நரகம்டி உனக்கு!”

“படிக்காததைப் படிச்சேன்னு மேடையேறுனா உனக்கு என்ன, மோட்சமா?”

இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். பிறகு அவளாகவே சொன்னாள். புருஷன் இருந்தவரை அவன் படித்துக் காட்டுவானாம். அவன் போன பிறகு மகள் டொரன்டோவிலிருந்து சனிக்கிழமை ஃபோனில் படித்துச் சொல்வாளாம். மூன்று தடவை கேட்டால் போதும், மறக்காது.

“ஏன், நீதான் அஞ்சாவது வரைக்கும் போனியே? நான்தானே நின்னுட்டேன், உன் விரலாலே”ன்னேன்.

“அஞ்சு வருஷம் படம் வரைஞ்சேன்டி. அவரு போர்டுல போட்டதைப் பாத்துப் பாத்து வரைஞ்சேன். என்னன்னு அவரும் சொல்லல, கேக்கறதுக்கு எனக்கும் பாஷை இல்ல.”

“விரலுக்கு மட்டும் பாஷை இருந்துச்சாக்கும்.”

அவள் என்னையே பார்த்தாள். “எந்த விரலு?”

சொன்னேன். பிப்ரவரி, புதன்கிழமை, பூரான், விளார், பதினைந்து. அவள் வாய் பிளந்தது.

“எர்மினா… அவரு என்னமோ கேட்டாரு. அதுல ‘யாரு’ மட்டும்தான் எனக்கு விளங்குச்சு. பூரானைத் தட்டிவிட்டது யாருன்னு கேக்கறாருன்னு நெனச்சேன். உனக்கு மெடல் குடுக்கப்போறாருன்னு நெனச்சேன்டி. என்னைக் காப்பாத்துனவ இவதான்னு காட்டுனேன். நீ அடி வாங்குனதும், பூரானைத் தட்டிவிட்டது தப்புபோலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும் நான் வாயே தெறக்கல.”

கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னே? ஐம்பத்தெட்டு வருஷம் காய்ச்சிக் காய்ச்சி கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறேன். ஒரு கை புளி உரிக்கும் நேரத்தில் வந்து, ஆள் மாறிப்போச்சு என்கிறாள். இனி இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

போகும்போது சொல்லிவிட்டேன்: “சீமைப்பலான்னு சொன்னதுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.”

17 மார்ச், சனி

பாபிலோன் பாட்டைப் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். எவரும் நம்பவில்லை.

10 ஏப்ரல், செவ்வாய்

நானும் குளோடில்டாவும் சேர்ந்து படிக்க ஏற்பாடு இது. திங்களும் புதனும் அவள் வீட்டில். சுவர் முழுக்க மார்கரீட் ஊதாத் துணி. பார்க்கவே கண் எரிகிறது. எனக்கு ஆங்கிலத்தில் எழுத்து தெரியும், பேச வராது. எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவளுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. இருவரையும் சேர்த்தால் படித்தவள் ஒருத்தி தேறுவாள்.

நான் படிக்கிறேன். அவள் கேட்டு, “அப்படி இல்லடி, வாயை இன்னும் விரி” என்கிறாள். பிறகு அவள் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைக்கிறேன். அந்த விரலைத்தான்.

“இவ்ளோ அழுத்தாதே.”

“அழுத்துவேன். வட்டி.”

3 மே, வியாழன்

குளோடில்டா தானாக ஒரு சொல் படித்தாள். மாவு மூட்டையில் இருந்தது. ‘மாவு’ என்று. இத்தனை நாள் உள்ளே என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினாளாம்.

24 மே, வியாழன்

நன்றியுரையை மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டரைப் பக்கம்.

‘ஐயா, நீங்கள் அளித்தது எங்கள் உள்ளங்கையில் இன்றும் பதிந்திருக்கிறது. எங்களைப் போன்ற மந்தமான பிள்ளைகளுக்காக எத்தனை புளியமரங்களை நீங்கள் மொட்டையடிக்க வேண்டியிருந்தது! உங்கள் கருணையால் நான் பத்து வயதிலேயே வேலைக்குப் போகும் பாக்கியம் பெற்றேன்.’

மிஸ் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எவ்வளவு நன்றியுணர்ச்சி மா எர்மினா! இது போதும், மேடையே அழுதுரும்.”

ஐரனி சொல்லிக்கொடுத்ததே இவள்தானே!

7 ஜூன், வியாழன்

பரீட்சை. இந்த நோட்டில் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கை மரத்திருக்கிறது.

14 ஜூன், வியாழன்

எர்மினா எழுபத்தெட்டு.
சில்வானஸ் எழுபத்தேழு.
குளோடில்டா நாற்பத்தொன்று. நாற்பது இருந்தால் பாஸ்.

அந்த ஒளித்துவைத்த பென்சிலை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். மேடை என்னுடையது.

30 ஜூன், சனி

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. முதலில் இதை எழுதுகிறேன், அப்புறம் வேறு எதுவும்.

காலை பத்து மணி. பள்ளி முற்றத்தில் பந்தல். ரோஜாக்காரர்கள் வலப்பக்கம், மார்கரீட் இடப்பக்கம், நடுவில் மந்திரியும் ஃபாதரும். ஹெட்மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் நினைத்து வைத்திருந்தது ஒரு மலை. வந்தது ஒரு கோட்டு, அதற்குள் கொஞ்சம் ஆள். மகள் பின்னால் நின்றாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி. பையின் ஒரு பக்கத்தில் உரை. இன்னொரு பக்கம் எப்போதும் போல நாலு புளி உருண்டை, நாக்கு ஒட்டினால் உதவும் என்று. குளோடில்டா முதல் வரிசையில் உட்கார்ந்து, ‘வாயை விரி’ என்று வாயை விரித்துக் காட்டினாள்.

‘ஐயா, உங்கள் கையிலிருந்து நாங்கள் பெற்றதை ஒருநாளும் மறக்கமாட்டோம்.’

பிழையே இல்லை. என் குரல் ஒலிபெருக்கியில் மலைவரை போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது வரி. மூன்றாவது வரி.

அப்போது அவர் பேசினார். சத்தமாக. கிரியோலில்.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? ஒண்ணும் விளங்கலையே.”

மகள் குனிந்து அவர் தோளைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: “மன்னிச்சுக்குங்க. ரெண்டு வருஷமா அப்பாவுக்கு இங்கிலீஷ் எல்லாம் போயிருச்சு. அவங்கம்மா பேசுன பேச்சு மட்டும்தான் மிச்சம்.”

போச்சு. இரண்டரைப் பக்கம். ஆறு மாசம். ஒவ்வொரு வரியையும் அவருக்காக அளந்து தைத்திருந்தேன். போடுவதற்கு ஆள் இல்லை.

அவர் இன்னும் சத்தமாக, “நம்ம பேச்சுல சொல்லச் சொல்லு!” என்றார். இந்த முற்றத்தில். அவர்!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தாளை மடித்தேன். மைக்கை விட்டேன். நாற்காலிக்கு எதிரே போய் நின்று, ஐம்பத்தெட்டு வருஷமாகப் பிசகாமல் வைத்திருந்த அந்த ஒரே வாக்கியத்தை, அவர் குரலிலேயே, ஆங்கிலத்தில் சொன்னேன்.

‘இந்தப் பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே.’

அவர் முகம் மாறிப்போச்சு. தலை தாழ்ந்தது, கண் மூடிக்கொண்டது. வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே. கை நடுங்காமல் இருக்க இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அப்படித்தான் தாங்கணும், இல்லேன்னா கை தானா இழுத்துக்கும், மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுவாங்க. அது எனக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? இவருக்கு யார் —

“நான் இல்ல சார்,” என்றார். சின்னப் பையன் குரல். “நான் பேசல சார்.”

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதல் வரிசையிலிருந்து குளோடில்டா எழுந்தாள். ஒலிபெருக்கி வேண்டியதில்லை அவளுக்கு. கிரியோலில் சொன்னாள்:

“அவரு பேசல. யாரும் பேசல. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

பை தானாகக் கைக்கு வந்தது. ஒரு புளி உருண்டையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை நானே மடித்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் மென்றார். மந்திரி கூடக் காத்திருந்தார்.

“உப்புப் பத்தல” என்றார்.

நாற்பது வருஷம் இந்த வாசலில் விற்றிருக்கிறேன், எவனும் அப்படிச் சொன்னதில்லை. இதை மறக்கமாட்டேன்.

1 ஜூலை, ஞாயிறு

உரையின் மிச்சம் இரண்டு பக்கம் அப்படியே இருக்கிறது. வீணாக்க வேண்டாம். ஆகஸ்ட் முப்பது ரோஜாத் திருவிழாவுக்குப் பாட்டாக்கலாம். ஆளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மந்திரி என் உருண்டையில் இரண்டை எடுத்துத் தின்றார், ஒரு வார்த்தை நல்லது சொல்லவில்லை.

3 ஜூலை, செவ்வாய்

உப்புக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

8 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து படியில் இறங்கும்போது எல்லோருக்கும் அதே பேச்சு. குளோடில்டாவுக்கு வயதாகிவிட்டதாம். இருபது வருஷம் தண்ணீராக வாசித்தவள் இன்று நாலு இடத்தில் தடுக்கினாளாம். இனி வேறு ஆளைப் போட வேண்டும் என்று ஃபாதரிடம் சொல்லப்போகிறார்களாம்.

“சொல்லுங்க பாக்கலாம்”னு நான் போட்ட சத்தத்தில் புறா பறந்தது. ரோஜாக்காரி மார்கரீட்காரிக்காகப் பேசுகிறாளே என்று சில்வானஸ் வாயைப் பிளந்தான்.

எனக்கல்லவா தெரியும். இன்றைக்கு அவள் விரல் புத்தகத்தின்மேல் இருந்தது. எறும்பு போல, சொல் சொல்லாக ஊர்ந்தது. கலகக்கார ஜனங்களிடம் தீர்க்கதரிசி அனுப்பப்படுகிற வாசகம். ‘கடின முகமும் பிடிவாத நெஞ்சும் உள்ளவர்கள்’ என்ற இடம் வந்ததும், தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு குனிந்தாள். விட்ட இடம் கிடைக்கவில்லை. கோயிலே காத்திருக்க, விரல் மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருந்தது.